அப்டேட்டுக்குப் பிறகு ராஸ்பெர்ரி பை எழவில்லையா? எங்கே நின்றது என்று முதலில் பாருங்கள்

கேள்வி இது: ராஸ்பெர்ரி பை 4 (ஒரே போர்டில் அடங்கிய சிறு கணினி), 8 ஜிபி போர்டு. யூஎஸ்பி எஸ்எஸ்டியில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் போட்டு, வீட்டில் ஃபைல் சர்வராகப் பல மாதங்கள் நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. முழு அப்டேட் கொடுத்தபோது பட்டியலில் பூட்லோடர் (மின்சாரம் வந்ததும் ஓஎஸ்ஸைத் தேடி எழுப்பும் நிரல்), கெர்னல் (ஓஎஸ்ஸின் மையப் பகுதி) எல்லாம் வந்தன. ரீபூட் செய்ததும் திரை கறுப்பு. சிவப்பு விளக்கு எரிகிறது, பச்சை விளக்கு விட்டு விட்டு மின்னுகிறது. ஃபர்ம்வேர் (வன்பொருளை எழுப்பும் அடிப்படை மென்பொருள்) கெட்டுப் போர்டே போய்விட்டது, புதிது வாங்கு என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். ஃபர்ம்வேர் அப்டேட்டால் மட்டும் ஒரு பை 4 நிரந்தரமாகச் சாகாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் அதன் அமைப்பு. அந்தப் போர்டின் பிராட்காம் 2711 சிப்புக்குள்ளேயே பூட் ரோம் என்று ஒரு சிறு நிரல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை எந்த அப்டேட்டும் தொட முடியாது. மின்சாரம் வந்ததும் அது முதலில் எஸ்டி கார்டைப் பார்க்கிறது. கார்டில் ரெகவரி.பின் என்ற கோப்பு இருந்தால் அதை ஓட்டுகிறது. இல்லையென்றால்தான் போர்டில் இருக்கும் 512 கேபி ஈஈப்ராம் (அழித்து மறுபடி எழுதக்கூடிய நினைவகம்) சிப்புக்குப் போய் அங்குள்ள பூட்லோடரை எடுக்கிறது. அப்டேட் மாற்றுவது இந்த ஈஈப்ராமை. அதில் எழுதும்போது கரண்ட் போய், பாதி எழுதி பாதி எழுதாமல் கிடந்தாலும், எஸ்டி கார்டு வழி திறந்தேதான் இருக்கும்.

ஃபர்ம்வேர் என்று நாம் ஒரே பெயரில் சொல்வது இங்கே இரண்டு இடங்களில் இருக்கிறது. பலர் குழம்புவது இதில்தான். ஒன்று, ஈஈப்ராமில் இருக்கும் பூட்லோடர். இன்னொன்று, டிஸ்க்கின் பூட் பார்ட்டிஷனில் (ஓஎஸ்ஸை எழுப்பும் கோப்புகளுக்கான தனிப் பகுதியில்) சாதாரணக் கோப்புகளாகக் கிடக்கும் ஸ்டார்ட்4.எல்ஃப், ஃபிக்ஸப்4.டேட் ஆகியவை. பூட்லோடர் இந்தக் கோப்புகளை எடுக்கும், இவை அமைப்புக் கோப்பான கான்ஃபிக்.டிஎக்ஸ்டியைப் படித்து கெர்னலை ஏற்றும், கெர்னல், ஓஎஸ்ஸும் உங்கள் கோப்புகளும் உள்ள ரூட் பார்ட்டிஷனைத் திறக்கும். சங்கிலி எங்கே அறுந்தது என்று தெரியாமல் கார்டை அழித்து மறுபடி எழுதுவது, பூட்லோடரைத் திரும்பத் திரும்ப ஃப்ளாஷ் செய்வது எல்லாம் நேர விரயம். உங்கள் நிலைமையில் டேட்டாவுக்கும் ஆபத்து. ஆகவே எஸ்எஸ்டியை எதுவும் செய்யாமல் கழற்றி ஓரமாக வையுங்கள்.

முதல் சோதனைக்கு எதுவும் தேவையில்லை. கரண்டை நிறுத்துங்கள். எஸ்எஸ்டி, எஸ்டி கார்டு, கீபோர்டு, மேலே செருகிய ஹேட் என்ற கூடுதல் போர்டு, ஜிபிஐஓ பின்களில் செருகிய கம்பிகள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். வெறும் போர்டுக்குக் கரண்ட் கொடுத்து பச்சை விளக்கைக் கவனியுங்கள். ஒரே மாதிரியான துடிப்பு, அதாவது நான்கு குறு மின்னல், சிறு இடைவெளி, மறுபடி நான்கு என்று வந்தால் பூட்லோடர் நலமாக இருக்கிறது. ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். டிஸ்க்கே இல்லாதபோது அது அப்படித்தான் சொல்ல வேண்டும். இப்போது மானிட்டரைச் செருகிப் பார்த்தால், 2020இன் பிற்பகுதிக்குப் பிறகு வந்த பூட்லோடர் என்றால், திரையில் பதிப்புத் தேதியும் எந்தெந்த இடத்தில் தேடுகிறது என்பதும் எழுத்தாக ஓடும். பை 4இல் இரண்டு மைக்ரோ எச்டிஎம்ஐ துளைகள் உண்டு. பவர் துளைக்குப் பக்கத்தில் இருப்பதில் செருகுங்கள். மற்றதில் செருகிவிட்டு "திரை கறுப்பு" என்று தவித்தவர்கள் நிறைய.

பச்சை விளக்கு அசையவே இல்லை என்றால் ஈஈப்ராமில் உள்ளது கெட்டிருக்கலாம். இதைச் சரிசெய்வது இருப்பதிலேயே சுலபமான வேலை. வேறொரு கணினியில் ராஸ்பெர்ரி பை இமேஜரை (ஓஎஸ்ஸைக் கார்டில் எழுதும் மென்பொருள்) திறங்கள். ஓஎஸ் பட்டியலின் கடைசிப் பக்கம் இதர பயன்பாட்டு இமேஜ்கள் என்ற பிரிவு இருக்கும். அதற்குள் பூட்லோடர், அதற்குள் பை 4 குடும்பம். எஸ்டி பூட், யூஎஸ்பி பூட், நெட்வொர்க் பூட் என்று மூன்று தேர்வுகள் வரும். உங்களுக்கு யூஎஸ்பி. எவ்வளவு சிறிய பழைய கார்டானாலும் போதும். ஆனால் அதில் இருப்பது அழிந்துவிடும். எழுதிய கார்டை ராஸ்பெர்ரி பை போர்டில் செருகிக் கரண்ட் கொடுங்கள். பச்சை விளக்கு நிற்காமல் வேகமாக மின்னிக்கொண்டே இருந்தால் வேலை முடிந்தது, மானிட்டர் இருந்தால் திரை முழுக்கப் பச்சையாகும். அவசரப்படாமல் பத்துப் பதினைந்து விநாடிகளாவது விட்டு, கரண்டை நிறுத்தி, கார்டை எடுங்கள். கார்டை எடுக்க மறந்தால் ஒவ்வொரு முறையும் ஃப்ளாஷ் செய்துகொண்டே இருக்கும், ஓஎஸ் வராது.

இந்த மீட்புக் கார்டு, பூட் வரிசையையும் தொழிற்சாலை நிலைக்கோ நீங்கள் தேர்ந்தெடுத்த நிலைக்கோ மாற்றிவிடும். பூட்_ஆர்டர் என்ற அந்த எண்ணை வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். 1 என்றால் எஸ்டி கார்டு, 2 நெட்வொர்க், 4 யூஎஸ்பி, 6 என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை), எஃப் என்றால் முதலிலிருந்து மறுபடி தேடு. எஃப்41 என்பது முதலில் கார்டு, பிறகு யூஎஸ்பி. எஃப்14 என்பது முதலில் யூஎஸ்பி, பிறகு கார்டு. நீங்கள் நெட்வொர்க் பூட் மாதிரி ஏதாவது கைப்பட மாற்றி வைத்திருந்தால் அதை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் பச்சை விளக்கு மின்னுவதாகச் சொல்கிறீர்கள். ஆகவே பூட்லோடர் உயிரோடு இருக்க வாய்ப்பு அதிகம், கோளாறு அடுத்த கட்டத்தில் இருக்கலாம். எஸ்எஸ்டியைச் செருகி மின்னல்களை எண்ணுங்கள். நான்கு குறு மின்னல் என்றால் ஸ்டார்ட் கோப்பு கிடைக்கவில்லை. ஏழு என்றால் கெர்னல் கோப்பு கிடைக்கவில்லை. எட்டு என்றால் ரேம் கோளாறு. இது ஒன்றுதான் உண்மையில் கவலைப்பட வேண்டிய எண். நீண்ட மின்னல் முதலில் வந்து குறு மின்னல் பின்னால் வந்தால் வேறு கணக்கு: இரண்டு நீளம், ஒரு குறுக்கம் என்றால் அந்தப் பார்ட்டிஷன் ஃபேட் என்ற கோப்பு அமைப்பில் இல்லை, இரண்டும் இரண்டும் என்றால் பார்ட்டிஷனைப் படிக்க முடியவில்லை, நான்கும் நான்கும் என்றால் இந்தப் போர்டை அந்த ஃபர்ம்வேருக்குத் தெரியவில்லை. புதிய போர்டில் பழைய ஓஎஸ் கார்டைப் போட்டால் இந்தக் கடைசி வகை வரும். போனில் வீடியோ எடுத்து மெதுவாக ஓட்டிப் பார்த்தால் எண்ணுவது எளிது.

இப்போது எஸ்எஸ்டியை லேப்டாப்பில் செருகுங்கள். விண்டோஸ் என்றால் ஓர் எச்சரிக்கை: பூட் பார்ட்டிஷன் ஒழுங்காகத் திறக்கும், ஆனால் லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாததால் "டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். அங்கே ஒரு தவறான கிளிக்கில் உங்கள் மொத்தச் சர்வரும் போய்விடும். ஃபர்ம்வேர் கோளாறால் இழந்த டேட்டாவைவிட, அதைச் சரிசெய்யப் போய் இந்த இடத்தில் இழந்த டேட்டா அதிகமாக இருக்கும் என்பது என் நம்பிக்கை.

பூட் பார்ட்டிஷனில் ஸ்டார்ட்4.எல்ஃப், ஃபிக்ஸப்4.டேட், கான்ஃபிக்.டிஎக்ஸ்டி, சிஎம்டிலைன்.டிஎக்ஸ்டி (கெர்னலுக்குத் தரும் தேர்வுகள்), 64 பிட் ஓஎஸ் என்றால் கெர்னல்8.இமேஜ், பிறகு பை 4க்குரிய டிடிபி (வன்பொருள் விவரம்) கோப்பு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் போதாது, அளவையும் பாருங்கள். 0 பைட் கோப்பு இருக்கிறதா? பார்ட்டிஷனில் இடம் எவ்வளவு மிச்சம்? பழைய ஓஎஸ் இமேஜ்களில் இந்தப் பார்ட்டிஷன் 256 எம்பிதான், அதற்கும் முந்தையவற்றில் இன்னும் சிறியது. இப்போதைய ஓஎஸ், கெர்னலின் பல வகைகளையும் அவை எழும்போது உதவும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகளையும் அங்கேதான் வைக்கிறது. அதனால்தான் 2023இல் வந்த புக்வோர்ம் என்ற ஓஎஸ் பதிப்பு முதல் 512 எம்பி ஒதுக்குகிறார்கள். பழைய அளவிலேயே வருடக்கணக்கில் அப்டேட் செய்துகொண்டே வந்தால் ஒருநாள் இடம் முட்டி, கோப்பு பாதியில் அறுந்து நிற்கும். அப்டேட் ஓடும்போது இடம் போதவில்லை என்று ஒரு வரி வந்திருக்கும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அதைக் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இதேபோல இன்னொன்று. புக்வோர்மில் பூட் பார்ட்டிஷன் இணையும் இடம் /பூட் என்பதிலிருந்து /பூட்/ஃபர்ம்வேர் என்று மாறியது. முந்தைய புல்ஸ்ஐ பதிப்பிலிருந்து இருந்த இடத்திலேயே மேம்படுத்தியவர்கள் பலர். அப்படி மேம்படுத்துவதை ராஸ்பெர்ரி பை நிறுவனமே பரிந்துரைக்கவில்லை, புது இமேஜ் போடத்தான் சொன்னது. இணையும் இடத்தை மாற்றாமல் விட்டவர்களுக்கு என்ன ஆகிறதென்றால், புதிய ஃபர்ம்வேரும் கெர்னலும் ரூட் பார்ட்டிஷனுக்குள் அதே பெயரில் உள்ள வெறும் ஃபோல்டரில் போய் விழும். உண்மையான பூட் பார்ட்டிஷனில் பழைய கெர்னலே இருக்கும், மாட்யூல்கள் (கெர்னலின் டிரைவர் துண்டுகள்) மட்டும் புதிது. மெஷின் எழும், ஆனால் வைஃபை இருக்காது, சில யூஎஸ்பி சாதனங்கள் தெரியாது. மானிட்டர் இல்லாமல் நெட்வொர்க் வழியாக மட்டும் பார்ப்பவருக்கு இதுவும் "பூட் ஆகவில்லை" என்றே தெரியும்.

கோப்புகள் அரைகுறையாக இருந்தால், வேறொரு புது இமேஜிலிருந்து காப்பி அடித்துப் போடலாமே என்று தோன்றும். ஸ்டார்ட், ஃபிக்ஸப் கோப்புகளுக்கு அது சரிவரும். கெர்னலுக்குச் சரிவராது, ஏனென்றால் ரூட் பார்ட்டிஷனில் அதே பதிப்பின் மாட்யூல்கள் இருந்தாக வேண்டும். ஒழுங்கான வழி கொஞ்சம் நீளம், ஆனால் நிச்சயம். ஒரு எஸ்டி கார்டில் அதே பதிப்பு, அதே பிட் அளவுள்ள ஓஎஸ்ஸைப் புதிதாக எழுதி, எஸ்எஸ்டி இல்லாமல் ஒருமுறை பூட் செய்யுங்கள். பூட்லோடரில் யூஎஸ்பிக்கு முன்னுரிமை இருந்தால் இது முக்கியம். தவிர முதல் பூட்டில்தான் கார்டின் டிஸ்க் அடையாள எண் மாறும். எழுந்த பிறகு எஸ்எஸ்டியைச் செருகுங்கள். முதலில் உங்கள் முக்கியமான கோப்புகளை வேறு டிஸ்க்குக்குக் காப்பி செய்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். பிறகு எஸ்எஸ்டியின் ரூட் பார்ட்டிஷனை /எம்என்டி என்ற இடத்தில் இணைத்து, பூட் பார்ட்டிஷனை அதற்குள் உரிய இடத்தில் இணைத்து, டெவ், ப்ராக், சிஸ் என்ற சிஸ்டம் ஃபோல்டர்கள் மூன்றையும் பைண்ட் செய்து (அதற்குள்ளும் தெரியும்படி இணைத்து), சிஎச்ரூட் (வேறு டிஸ்க்கில் உள்ள சிஸ்டத்துக்குள் நுழையும் கட்டளை) மூலம் உள்ளே போங்கள். இப்போது நீங்கள் நிற்பது உங்கள் பழைய சிஸ்டத்துக்குள். இடம் இல்லையென்றால் பயன்படாத பழைய கெர்னல் பேக்கேஜ்களை நீக்குங்கள். பாதியில் நின்ற நிறுவலை முடிக்க பேக்கேஜ்களை நிறுவும் டிபிகேஜி கட்டளையை கான்ஃபிகர், ஆல் என்ற தேர்வுகளோடு ஓட்டுங்கள். பிறகு பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் ஏபிடி கட்டளையின் ரீ-இன்ஸ்டால் வசதியால் ராஸ்பி-ஃபர்ம்வேர் பேக்கேஜையும் கெர்னல் பேக்கேஜையும் மறுபடி நிறுவுங்கள். வெளியே வந்து, எல்லாவற்றையும் கழற்றி, கார்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியிலிருந்து எழுப்புங்கள்.

அப்டேட்டாக ஆர்பிஐ-அப்டேட் என்ற கட்டளையைக் கொடுத்திருந்தால், இந்த மறுநிறுவல்தான் மருந்து. பெயரைப் பார்த்து அது வழக்கமான அப்டேட் என்று நினைத்து ஓட்டுகிறார்கள். அது இன்னும் சோதனையில் இருக்கும் கெர்னலையும் ஃபர்ம்வேரையும் இழுத்து வைக்கும். பொறியாளர் ஒருவர் சொன்னாலொழிய ஓட்டாதே என்று ஆவணத்திலேயே எழுதியிருக்கிறது. இணையத்தில் பழைய வழிகாட்டிகள் பல, எல்லாவற்றுக்கும் முதல் படியாக இதைச் சொல்கின்றன. அது எனக்கு உண்மையாகவே வருத்தமான விஷயம். புதிதாக வருபவர்கள்தான் அதில் மாட்டுகிறார்கள்.

திரையில் வானவில் நிறச் சதுரம் வந்து உறைந்து நின்றால், ஸ்டார்ட் கோப்பு வரை வேலை நடந்தது, கெர்னல் கிளம்பவில்லை என்று பொருள். கான்ஃபிக்.டிஎக்ஸ்டியின் பெயரை மாற்றி வைத்துவிட்டு ஒருமுறை எழுப்பிப் பாருங்கள்; அந்தக் கோப்பு இல்லாமலும் பை எழும். எழுந்தால், உள்ளே உள்ள பழைய ஓவர்க்ளாக் வரியோ டிஸ்ப்ளே வரியோதான் குற்றவாளி. 32 பிட் ஓஎஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி: 2023 முதல் புதிய ஃபர்ம்வேர், பை 4இல் 64 பிட் கெர்னலையே இயல்பாக ஏற்றுகிறது. தனியாக கம்பைல் செய்த டிரைவர் இருந்தால் அது அப்போது வேலை செய்யாது. கான்ஃபிக்கில் ஆர்ம்_64பிட் மதிப்பை 0 ஆக வைத்தால் பழையபடி ஆகும்.

எழுத்துகள் ஓடி, ரூட் டிவைஸுக்காகக் காத்திருக்கிறேன் என்ற வரியில் நின்றால் இரண்டு சந்தேகங்கள். சிஎம்டிலைன் கோப்பில் உள்ள பார்ட்யூயூஐடி (பார்ட்டிஷனின் அடையாளம்) எண் டிஸ்க்கின் எண்ணோடு பொருந்தவில்லை. அல்லது எஸ்எஸ்டியின் யூஎஸ்பி-சாட்டா அடாப்டர், யூஏஎஸ் என்ற வேக முறையில் தடுமாறுகிறது. ஜேமைக்ரான் சிப் உள்ள சில அடாப்டர்களில் இது தெரிந்த நோய். சிஎம்டிலைனின் அதே ஒற்றை வரியின் முன்னால், யூஎஸ்பி-ஸ்டோரேஜ்.குவிர்க்ஸ் என்று எழுதி, அடாப்டரின் அடையாள எண்ணையும் யு என்ற எழுத்தையும் சேர்த்தால் பழைய முறைக்கு மாறி நிதானமாக ஓடும். புது வரியில் எழுதிவிடாதீர்கள். அந்தக் கோப்பு முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும்.

எமர்ஜென்சி மோட், ரூட் கணக்கு பூட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி நின்றால், அது ஃபர்ம்வேர் சம்பந்தப்பட்டதே இல்லை. எஃப்எஸ்டேப் கோப்பில் (எழும்போது இணைக்க வேண்டிய டிஸ்க்குகளின் பட்டியல்) எழுதி வைத்த வெளி டிஸ்க் ஒன்று இப்போது கிடைக்கவில்லை என்பதே பெரும்பாலும் காரணம். அந்த வரியில் நோஃபெயில் என்று சேர்த்தால் டிஸ்க் இல்லாவிட்டாலும் மெஷின் எழும். மாதக்கணக்கில் ரீபூட் செய்யாத சர்வரில், என்றோ செய்த மாற்றம், தேய்ந்துபோன கார்டு, கழன்ற கேபிள் எல்லாம் அடுத்த ரீபூட்டில்தான் வெளியே தெரியும். அந்த ரீபூட்டை அப்டேட் கேட்டது என்பதற்காகப் பழி அப்டேட்டின் மேல் விழுகிறது. எதையும் பிரிக்கும் முன் இந்தச் சாத்தியத்தையும் மனதில் வையுங்கள்.

பவரைச் சொல்லாமல் விட முடியாது. பை 4க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் வேண்டும். யூஎஸ்பி துளைகள் நான்கும் சேர்ந்து தரக்கூடியது 1.2 ஆம்பியர்தான், எழும் நேரத்தில் எஸ்எஸ்டி இழுப்பது அதை எட்டிவிடலாம். போன் சார்ஜரில் இத்தனை நாள் ஓடியதே என்பீர்கள். சிவப்பு விளக்கு நடுவில் ஒரு கணம் அணைந்தாலும் மின்னழுத்தம் சரிகிறது என்று அர்த்தம், ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் அப்படி ஆகும். நல்ல அடாப்டரை ஒரு மணி நேரம் கடன் வாங்கியாவது சோதியுங்கள்.

பை 5 வைத்திருப்பவர்களுக்கு: ஸ்டார்ட் கோப்பின் வேலை அதில் ஈஈப்ராமுக்குள்ளேயே போய்விட்டது, ஆகவே பூட் பார்ட்டிஷனில் அதைத் தேடாதீர்கள். மீட்புக் கார்டு முறை அதேதான், இமேஜரில் பை 5 குடும்பத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 5 ஆம்பியர் அடாப்டர் இல்லாமல் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்தால் அது திரையில் எச்சரித்துவிட்டு நிற்கும். பவர் பட்டனை அழுத்தினால் தொடரும். என்விஎம்இ தெரியவில்லை என்றால், கான்ஃபிக்கில் பிசிஐஇ (என்விஎம்இ இணையும் வழி) ஜென் 3 வரி போட்டிருந்தால் முதலில் அதை எடுங்கள். பை 5க்குச் சான்றளிக்கப்பட்டது ஜென் 2 மட்டும்.

மீட்புக் கார்டையும் வேறு கார்டையும் வேறு அடாப்டரையும் போட்டுப் பார்த்தும் பச்சை விளக்கு ஒருமுறைகூட அசையவில்லை என்றால்தான் வன்பொருள் பக்கம் போக வேண்டும். மல்டிமீட்டர் இருந்தால் ஜிபிஐஓவின் 1ஆம் பின்னில் 3.3 வோல்ட்டும், 2ஆம் பின்னில் 5 வோல்ட்டும் வருகிறதா என்று 6ஆம் பின்னை கிரவுண்டாக வைத்துப் பாருங்கள். 5 இருந்து 3.3 இல்லையென்றால் பவர் சிப் போயிருக்கும். அதற்குக் காரணம் பின்களில் நடந்த ஷார்ட்டாக இருக்கலாமே தவிர அப்டேட் இல்லை.

எழுந்ததும் ஆர்பிஐ-ஈஈப்ராம்-அப்டேட் கட்டளையை வெறுமனே ஓட்டினால் இப்போதுள்ள பூட்லோடர் தேதியும் கிடைக்கும் தேதியும் காட்டும். வெளியீட்டு வகை டீஃபால்ட் என்று இருக்கட்டும், லேட்டஸ்ட் வேண்டாம். நிம்மதியாக ஓடும் வீட்டுச் சர்வருக்குப் புதிய பூட்லோடர் அவசியமில்லை என்பது என் கருத்து. சர்வீஸ்களை நிர்வகிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையின் மாஸ்க் வசதியால், பூட்லோடரைத் தானாகப் புதுப்பிக்கும் ஆர்பிஐ-ஈஈப்ராம்-அப்டேட் சர்வீஸை நிறுத்தி வைத்தால் தானாக எதுவும் மாறாது. ஓஎஸ் அப்டேட்டுகளைத் தொடர்ந்து செய்யுங்கள், ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன் பூட் பார்ட்டிஷனில் இடத்தைப் பார்த்து, அதன் கோப்புகளை வேறு கணினியில் ஒரு ஃபோல்டரில் காப்பி வைத்துக்கொள்ளுங்கள். மீட்புக் கார்டை அழிக்காமல், பெயர் எழுதி, போர்டின் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். இத்தனைக்குப் பிறகும் எழவில்லையென்றால், மின்னல் எண்ணிக்கையையும் பூட்லோடர் திரையின் போட்டோவையும் எஸ்எஸ்டி அடாப்டரின் மாடலையும் அனுப்புங்கள், அடுத்த படியைச் சொல்கிறேன்.